நாய் வளர்க்கும் வீட்டில் காய்கறித் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்குப் புறத்தே, வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் காய்கறி போடுகிறோம். அதே இடத்தில்தான் மணி என்ற நாட்டு நாயும் பிஸ்கட் என்ற லேப்ரடாரும் நாள் முழுக்கத் திரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்களும் விதை வாங்க வருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நாய் இருக்கிற வீட்டில் செடி நிற்குமா?

நிற்கும். ஆனால் தோட்டத்தை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் நாயைப் பழக்குகிறேன் என்று இறங்கினால் தினமும் சண்டைதான். முதலில் நாய் எங்கே நடக்கிறது, எங்கே படுக்கிறது, கேட் சத்தம் கேட்டால் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு மண்வெட்டியை எடுங்கள். நாய்க்கு வேண்டியதை விட்டுக்கொடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் உங்கள் தோட்டம். கேட்க நஷ்டம் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றரை சென்டில் நாய்க்கென்று போவது ஒரு நடைபாதையும் ஒரு மூலையும் மட்டுமே.

அப்படியானால் பாத்தியை எங்கே போடுவது?

எந்த நாயும் மதில் ஓரமாக ஒரு சுற்று வரும். அது அதன் காவல் வேலை, அதை மாற்ற முடியாது. பலர் மதிலை ஒட்டிப் பாத்தி போட்டு அவரைக்கொடி ஏற்றுகிறார்கள். மறுநாளே கொடி மிதிபட்டுக் கிடக்கும். மதிலிலிருந்து இரண்டடி விட்டுப் பாத்தியைத் தொடங்குங்கள். அந்த இரண்டடியில் உடைந்த ஓடோ தேங்காய் மட்டையோ போட்டுவிட்டால் மழைக்காலத்தில் சேறும் வராது.

பாத்தியைத் தரை மட்டத்தில் போடாமல் ஒன்றேகால் அடியாவது உயர்த்துங்கள். ஹாலோ பிளாக் இரண்டு வரிசை அடுக்கினால் போதும். நாயால் அதைத் தாண்ட முடியும், ஆனால் தாண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. உயரமான விளிம்பை அது சுவராகவே எடுத்துக்கொள்ளும். நாற்று வேர் பிடிக்கும் வரைக்கும் முள்ளுக்கத்தரிக் குச்சியையோ எலுமிச்சைக் கிளையையோ வெட்டி மேலே பரப்பி வைக்கலாம். நைலான் வலை வேண்டாம். நாயின் காலும் சிக்கும், பாம்பும் சிக்கும். இரண்டில் எது சிக்கினாலும் அவிழ்க்கப் போவது நீங்கள்தான்.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஊன்றும் குச்சிகளில் ஒரு கவனம் தேவை. நாயின் கண் உயரத்தில் கூரான முனை நிற்கக் கூடாது. முனையில் காலி தண்ணீர் பாட்டில் மூடியையோ பழைய ரப்பர் செருப்புத் துண்டையோ செருகிவிடுங்கள்.

எங்கள் நாய் பாத்தியைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. அடித்தும் கேட்கவில்லை.

அடிக்காதீர்கள். ஏன் தோண்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம் வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றதை மூச்சிரைத்துத்தான் தணிக்க வேண்டும். அதனால் நீர் பாய்ச்சிய பாத்தியில் அரை அடி தோண்டி, குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. பங்குனி, சித்திரையில் தோண்டும் நாயெல்லாம் இந்தக் கணக்கு. இரண்டாவது, மண்ணுக்குள் நீங்கள் போட்ட உரத்தின் வாசம். இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். மூன்றாவது, பெருச்சாளி. மண்ணுக்கடியில் ஏதோ ஓடுகிறது என்று நாய்க்கு நம்மை முந்தித் தெரியும். ஒரே இடத்தில் மூக்கைப் புதைத்து, காதை நிமிர்த்தி, நின்று நின்று தோண்டினால் அங்கே வளை இருக்கிறது என்று அர்த்தம். நான்காவது வெறும் சலிப்பு. குட்டி நாய்களும், நாள் முழுக்கத் தனியாக இருக்கும் நாய்களும் இப்படிச் செய்யும். சாயங்காலம் அரை மணி நேரம் கூட்டிக்கொண்டு நடந்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

எதுவாக இருந்தாலும் ஒரு குழியை அதற்கென்றே கொடுத்துவிடுவது நல்லது. முருங்கை நிழல் தவிர வேறு எந்த மர நிழலும் சரி (முருங்கை ஏன் கூடாது என்பது பின்னால் வரும்). மூன்றடிக்கு மூன்றடி, ஒரு முழ ஆழம். ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். முதல் சில நாள் ஒரு பிஸ்கட்டையோ கேரட் துண்டையோ உள்ளே புதைத்து வைத்தால் அந்த இடம் யாருடையது என்று அதற்கே புரிந்துவிடும். மணி இப்போது பதினோரு மணிக்கு மேல் அந்தக் குழியை விட்டு எழுந்திருப்பதில்லை. தபால்காரருக்காக மட்டும் எழுவான்.

எந்த உரம் போடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

இயற்கை உரம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைக்கிறோம். இந்தத் தோட்டத்தில் நாய்க்கு அதிக ஆபத்து வருவது இயற்கை உரக் கடையிலிருந்துதான் என்பது என் கருத்து.

ஆமணக்குப் புண்ணாக்கு கூடவே கூடாது. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகும் அது எண்ணெயில் போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். சரியாக வேகவைத்து நஞ்சு நீக்காத பிண்ணாக்கைத் தின்ற நாய்க்கு வாந்தி, ரத்தபேதி என்று தொடங்கி உயிரே போகலாம். மாடு தின்னும் புண்ணாக்கு எல்லாம் ஒன்றுதானே என்று கலப்பு உரம் வாங்குகிறவர்கள், மூட்டையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். எலும்புத் தூளோடு ஆமணக்குப் புண்ணாக்கைக் கலந்து விற்பதும் உண்டு. எலும்பு வாசத்துக்கு நாய் தேடிப் போய்த் தின்னும்.

எலும்புத் தூளைத் தனியாகப் போட்டாலும் நாய் மண்ணோடு சேர்த்து விழுங்கும். கிலோக் கணக்கில் தின்றால் வயிற்றுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். கடலைப் புண்ணாக்கில் வேறு பிரச்சினை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்ததில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது நாயின் ஈரலைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்கு போட வேண்டும் என்றால் காய்ந்த, புதிய புண்ணாக்காக வாங்கி, மூடியுள்ள வாளியில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கட்டியாக வேரடியில் புதைக்காதீர்கள்.

மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் செடிக்கு நல்லவை. மீனும் வெல்லமும், பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்த அந்த வாசத்துக்கு நாய் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் ஊற்றாமல் நன்றாக நீர்த்து, இலைமேல் தெளித்தால் வாசம் சீக்கிரம் அடங்கும். டிரம்மின் மூடிக்கு மேல் ஒரு கல்லையும் வையுங்கள்.

வேப்பம் புண்ணாக்கு கசப்பு. பெரும்பாலான நாய்கள் ஒரு தடவை முகர்ந்துவிட்டு விலகிவிடும். மண்புழு உரமும் நன்கு மக்கிய தொழு உரமும் தொல்லை இல்லாதவை. ஈரச் சாணத்தை மட்டும் போட்டால் அதில் புரளாத நாய் இந்த ஊரில் கிடையாது.

சமையலறைக் கழிவை மக்க வைக்கும் தொட்டிக்கு மூடி கட்டாயம். பூசணம் பிடித்த சோறு, ரொட்டி, பழைய குழம்பு இவற்றில் சில பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு நாயின் நரம்பைத் தாக்கி உடம்பு நடுங்க வைக்கும், வலிப்பும் வரும்.

தென்னை நார்க் கழிவுக் கட்டியையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பட்டால் பல மடங்கு உப்புவதுதான் அதன் குணம். குட்டி நாய் காய்ந்த கட்டியைக் கடித்து விழுங்கினால் அது வயிற்றுக்குள் உப்பும். ஊறவைத்து உதிர்த்த பிறகுதான் கொல்லைக்குக் கொண்டுவர வேண்டும்.

நாய் சிறுநீர் கழித்த இடத்தில் செடி கருகுகிறது. ஏன்?

அதில் யூரியாவும் உப்பும் அதிகம். உரக்கடை யூரியாவை ஒரு பிடி ஒரே செடிக்குப் போட்டால் என்ன ஆகுமோ அதுவே ஆகிறது. உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கருகாது, கொஞ்சம் பச்சையாகக்கூட வளரும். ஆண் நாய் காலைத் தூக்க நிமிர்ந்து நிற்கும் ஒன்றைத் தேடும். பாத்திக்கு வெளியே ஒரு மூலையில் பழைய மரக்கட்டை ஒன்றை நட்டு, தெருவிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லையும் பக்கத்தில் போட்டுவிட்டால் அது அங்கேயே போகப் பழகிவிடும். வேறு நாய்களின் வாசம் அந்தக் கல்லில் இருக்கும் அல்லவா, அதுதான் சூட்சுமம்.

நாயின் சிறுநீர் கீரையில் பட்டிருந்தால் சாப்பிடலாமா?

பட்டதைப் பார்த்திருந்தால் பறிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி எலியின் சிறுநீரிலும் நோயுற்ற நாயின் சிறுநீரிலும் வரும். ஈர மண்ணில் கொஞ்ச காலம் உயிரோடும் இருக்கும். நாய்க்கு வருடாவருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். கீரையைப் பொறுத்தவரை உயரமான பாத்தியிலோ பையிலோ வளர்ப்பது, கழுவுவது, வேகவைப்பது, இவ்வளவும் செய்தால் கவலை இல்லை. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் வெறுங்காலோடு வேலை செய்கிற பழக்கத்தையும் மழைக்காலத்திலாவது விட்டுவிடலாம்.

நாயின் மலத்தை உரமாக்கலாமா?

காய்கறிக்குக் கூடாது. உருண்டைப் புழு, கொக்கிப் புழு முட்டைகள் அதில் வரும். உருண்டைப் புழு முட்டை மண்ணில் வருடக் கணக்கில் கெடாமல் கிடக்கும், மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குத் தொற்றும். தினமும் அள்ளி, காய்கறியிலிருந்து தள்ளி ஒரு குழியில் போட்டு மூடுங்கள். குடற்புழு மாத்திரையும் தவறாமல் கொடுங்கள்.

தோட்டத்தில் விளைவதில் எதையெல்லாம் நாய்க்குக் கொடுக்கலாம்?

எனக்குப் பிடித்த கேள்வி இது.

வெள்ளரியில் தொடங்குங்கள். பிஸ்கட் வெள்ளரி தின்பதைப் பார்க்கத்தான் நான் வெள்ளரி போடுகிறேன் என்றே சொல்லலாம். பிஞ்சு ஒடிக்கும் ‘டக்’ சத்தம் கேட்டால் வீட்டின் எந்த மூலையிலிருந்தும் வந்து நிற்கும். துண்டை வாங்கி உடனே தின்னாது. தூக்கிக்கொண்டு போய், முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கடைவாயால் நறுக் நறுக்கென்று மேலிருந்து கீழே கடித்துக்கொண்டு வரும். விதைப்பகுதியை நக்கித் தின்று, தோலில் ஒரு விரல் அளவை மட்டும் மிச்சம் வைக்கும். அந்த மிச்சம் மணிக்கு. மணி அதை வாயில் வாங்கி, நாலடி நடந்து, கத்தரிச் செடியடியில் மரியாதையாக வைத்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்குக் காய்கறியில் நம்பிக்கை கிடையாது, தேங்காய்ச் சில்லு ஒன்றைத் தவிர.

கேரட், பீன்ஸ், வேகவைத்த மஞ்சள் பூசணி, வேகவைத்த சக்கரவள்ளிக் கிழங்கு, விதை எடுத்த பப்பாளி, தர்பூசணி, வாழைப்பழம், கொய்யாத் துண்டு எல்லாம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வயிறு சரியில்லாத நாய்க்கு வேகவைத்த பூசணியை இரண்டு ஸ்பூன் சோற்றோடு பிசைந்து கொடுப்பது நல்லது, அதன் நார்ச்சத்து மலத்தைச் சீராக்கும். உப்பு, காரம், தாளிப்பு எதுவும் வேண்டாம். இவையெல்லாம் தின்பண்டம்தான். ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

சுரைக்காயும் வெள்ளரியும் கொடுக்கும் முன் நீங்கள் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்கும் சுரைக்காய் மனிதருக்கே நஞ்சு. மாங்கொட்டை, தின்று முடித்த மக்காச்சோளக் கதிர் இரண்டும் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். மாம்பழ நாளில் குப்பைக் கூடை மேலே இருக்கட்டும்.

எதைக் கொடுக்கவே கூடாது?

வெங்காயமும் பூண்டும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெங்காயத் தாள் எல்லாம் சேர்த்துத்தான். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் தின்றாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். ஈறு வெளுப்பது, சோர்வு, சிறுநீர் செம்பழுப்பாகப் போவது, இவை உடனே தெரியாமல் சில நாள் கழித்து வரும்.

திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதோடு நம் வீடுகளில் கவனிக்காமல் விட்ட ஒன்று புளி. திராட்சையில் நாய்க்கு ஆகாதது எது என்று வெகுகாலம் தெரியாமல் இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது கருதுகிறார்கள். 2022 இல் வெளியான கால்நடை மருத்துவ ஆய்வு ஒன்றில், புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகக் கோளாறு வந்ததைப் பதிவு செய்தார்கள். புளியிலும் அந்த அமிலம் ஏராளம். ஆக, மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்த் தட்டில் கொட்டும் நம் ஊர்ப் பழக்கத்தில் வெங்காயமும் புளியும் ஒன்றாகச் சேர்ந்தே போகின்றன. ‘எங்க அப்பத்தா காலத்துலேருந்து இதுதான் போடறோம், நாய் நல்லாத்தானே இருந்துச்சு’ என்பார்கள். அந்த நாய்கள் எத்தனை வயதில் போயின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. தயிர் சாதம் உப்பில்லாமல் போடுங்கள், முட்டை போடுங்கள். சாம்பாரை விடுங்கள்.

தக்காளிச் செடியே விஷம் என்கிறார்களே?

இலை, தண்டு, பச்சைக் காயில் டொமட்டின் என்ற பொருள் உண்டு. நிறையத் தின்றால் வாந்தி, எச்சில் ஒழுகுதல் வரும். நன்கு பழுத்த பழம் ஒன்றிரண்டால் ஒன்றும் ஆகாது. உருளைக்கிழங்கின் பச்சை பிடித்த பகுதியும் முளையும் கூடாது. லேப் மாதிரி கண்டதைத் தின்னும் நாய் இருந்தால் தக்காளியை உயரமான பையில் வையுங்கள். அப்படியும் கீழ்க்கொப்பில் பழுத்தது உங்களுக்குக் கிடைக்காது. பிஸ்கட் பழுக்காததைத் தொடாது, பழுத்த அன்று விடாது. எந்தப் பழம் என்றைக்குப் பறிப்பதற்கு வரும் என்பது என்னைவிட அதற்குச் சரியாகத் தெரியும்.

அழகுக்காக வைத்த செடிகளில் எது ஆபத்து?

அரளி முதலிடம். சிவப்பரளி, வெள்ளரளி, பொன்னரளி எதுவானாலும் இதயத்தை நிறுத்தும் நஞ்சு எல்லாப் பாகத்திலும் இருக்கிறது. சாமிக்குப் பூ வேண்டும் என்றால் வாசலுக்கு வெளியே வையுங்கள், கழித்த கிளையைக் கொல்லையில் போடாதீர்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே சாகுபடி செய்கிறார்கள். தோண்டும் நாய் இருக்கும் வீட்டுக்கு அந்தக் கிழங்கு ஆகாது. பனை போலத் தோன்றும் சைகஸ் செடியின் விதை ஈரலைக் கெடுக்கும். ஊமத்தையும் ஆமணக்கும் தானே முளைத்து வரும், கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள். மணி பிளாண்ட், சேம்பு இலை மென்றால் வாய் அரித்து எச்சில் வழியும். துளசி, கறிவேப்பிலை, செம்பருத்தி, திருநீற்றுப் பச்சிலை பக்கம் பயமில்லை.

பூச்சிக்கும் எலிக்கும் என்ன செய்வது?

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளித்து, காயும் வரை நாயை உள்ளே வையுங்கள். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் தெளிக்கும் நாளிலும் அப்படியே. அது நாயின் மூக்கிலும் கண்ணிலும் பட்டால் பாவம்.

நத்தைக்கு விற்கும் மெட்டால்டிஹைடு குருணையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தவிடு கலந்து செய்வதால் நாய்க்கு அது தீனி மாதிரி இருக்கும். சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும் வரும். இரவில் ஈரச் சாக்கை விரித்து வைத்தால் காலையில் நத்தைகள் அதன் அடியில் சேர்ந்திருக்கும், கையுறை போட்டுப் பொறுக்கலாம்.

எலி மருந்தும் அப்படித்தான். ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகவே இருக்கும், பிறகுதான் ரத்தம் கசியும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல், மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த வகைக்கு வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். நாய் இருக்கும் வீட்டுக்கு எலிப்பொறிதான் சரி.

முருங்கை அடியில் நாயைக் கட்டக் கூடாது என்கிறார்களே, பேய் பயமா?

பேய்க்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கம்பளிப்பூச்சிக்குத் தரலாம். மழைக்காலத்தில் முருங்கையில் வரும் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் முகர்ந்தால் மூக்கு வீங்கிவிடும், நக்கினால் நாக்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 போன்ற செடிமுருங்கை வைத்திருப்பவர்களுக்குக் கிளை கைக்கெட்டும் உயரம் என்பதால் பார்த்து அழிப்பது எளிது. பட்டுவிட்டால் பூச்சியின் மயிரைத் தேய்க்காமல் செலோடேப் ஒட்டி எடுத்து, தண்ணீரில் கழுவுங்கள். வீக்கம் முகத்தில் ஏறினால் மருத்துவரிடம் போங்கள்.

தேரை, பாம்பு?

ஐப்பசி மழையில் தேரைகள் வெளியே வரும். கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய்த் தண்ணீரை வாயோரத்திலிருந்து வெளியே வழியும்படி விட்டுச் சில நிமிடம் கழுவுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். நடுக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் மருத்துவர்.

பாம்புக்காகவே நாய் வளர்க்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாய் பாம்பைக் காட்டிக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் மூக்கில் கடி வாங்குவதும் அதுவே. எலி இருந்தால் பாம்பு வரும், அடைசல் இருந்தால் தங்கும். ஓடு, விறகு, காய்ந்த மட்டைக் குவியலைச் சுவரை ஒட்டிச் சேர்க்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை அரைப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த நச்சுமுறி மருந்துதான் நாய்க்கும். பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனையில் அது இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செடி வைத்தால் உண்ணி வருமாமே?

செடியைவிடச் சுவர்தான் காரணம். நம் ஊர் நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கூண்டு இடுக்கிலும் போய் ஆயிரக் கணக்கில் முட்டையிடும். வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடையுங்கள், மதிலோரப் புல்லை ஒட்ட அறுங்கள், மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். உண்ணியால் பரவும் எர்லிக்கியா காய்ச்சல் வந்த நாயைப் பார்த்தவர்கள் இதில் கஞ்சத்தனம் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவு தொல்லைக்கு என்னதான் கிடைக்கிறது?

காவல் என்றால் கிடைக்கிறது. மயில் எங்கள் பக்கம் பெரிய தலைவலி. தேசியப் பறவை, 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ளது, கல்லெடுத்து எறியக்கூடக் கூடாது. நாற்றைக் கொத்தி, தக்காளியைக் குத்திவிட்டுப் போகும். நாய் ஒரு குரல் கொடுத்தால் மதிலோடு திரும்பிவிடும். அதைத் துரத்திப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் விடாதீர்கள். ஆடு, பெருச்சாளி, எப்போதாவது வரும் குரங்கு எல்லாமும் குறைந்தன. அணிலுக்கு மட்டும் நாயென்றால் பயமே இல்லை. சப்போட்டாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மணியைத் திட்டும்.

ஆனால் காவலுக்காக யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள். காலையில் காபியோடு கொல்லைக்கு இறங்கினால் இரண்டும் கூடவே வரும். நான் வெண்டைக்காய் முற்றியிருக்கிறதா என்று நுனியை ஒடித்துப் பார்க்கிறேன், அவை இரவில் யார் யார் வந்து போனார்கள் என்று ஒவ்வொரு அங்குலமாக முகர்ந்து பார்க்கின்றன. ஓஸ் பைப்பைத் திறந்தால் பிஸ்கட் தண்ணீரின் நுனியைக் கடிக்கப் பார்க்கும். (வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதை ஓடவிட்ட பிறகே நாய்மேல் காட்ட வேண்டும்.) களை எடுக்கக் குந்தினால் முதுகுக்குப் பின்னால் வந்து, தன் முதுகை என் முதுகோடு ஒட்டி உட்காருவது மணியின் வழக்கம். தனியாகக் களை எடுத்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவேன். இப்படிச் சாய்ந்துகொண்டிருக்கும் ஒருவனை நகரச் சொல்ல மனம் வராமல், பாத்தி முழுக்க முடித்துவிடுவதும் உண்டு.

மாடித்தோட்டத்தில் நாயை விடலாமா?

விடலாம், கைப்பிடிச் சுவர் நான்கடியாவது இருந்தால். சுவரை ஒட்டி செடிப் பைகளை அடுக்காதீர்கள், காக்கையைப் பார்த்த வேகத்தில் நாய்க்கு அவை படிக்கட்டு ஆகிவிடும். பகல் பத்து மணிக்கு மேல் தளம் சுடும். உங்கள் புறங்கையைத் தரையில் ஏழு எண்ணும் வரை வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பாதி இடத்துக்காவது நிழல்வலை, அகலமான மண்சட்டியில் தண்ணீர், இரண்டும் வேண்டும்.

எந்த இன நாய் தோட்டத்துக்கு ஒத்துவரும்?

நாட்டு நாய்க்கு என் ஓட்டு. நம் வெயில் அதற்குப் பழக்கம், சொன்னால் ஒரு வாரத்தில் பாதையைப் பிடித்துக்கொள்ளும். சிப்பிப்பாறை, கன்னி ஓடப் பிறந்தவை. ஒன்றரை சென்டில் விட்டால் அதற்கும் கஷ்டம், பாத்திக்கும் கஷ்டம். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கடியில் தோல் இளஞ்சிவப்பு, உச்சி வெயிலில் நிழலில் வையுங்கள். டாஷ்ஹண்ட் வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு மரவள்ளி போடாதீர்கள்.

ஆடிப் பட்டத்துக்கு விதைக்க வேண்டும், வீட்டில் நாலு மாதக் குட்டி. என்ன போடலாம்?

பந்தல் காய் போடுங்கள். புடலை, பீர்க்கன், பாகல் மூன்றும் இரண்டே மாதத்தில் தலைக்கு மேலே போய்விடும், குட்டிக்குக் கீழே நிழல் கிடைக்கும். அடித்தண்டு பென்சில் கனம் வரும் வரைக்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, செடியைச் சுற்றிக் கவிழ்த்து வையுங்கள். கத்தரி, வெண்டை பைகளில். கீரையைத் தரையில் தூவ வேண்டாம், தைப் பட்டத்துக்குள் குட்டி பல் மாற்றி முடித்திருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். வாளியை இரண்டு செங்கல் வைத்து அழுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் குட்டி அதைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடும்.